சேவைக்குத் தீட்டு இல்லையாம்

என் மருமகள் லோகேஸ்வரியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். கோபம் ஆறின பிறகு சொல்லலாம் என்றுதான் காத்திருந்தேன். தீபாவளி போய்ப் பொங்கலும் போய்விட்டது, ஆறவில்லை. அதனால் கோபத்தோடேயே சொல்கிறேன். நடுவில் யாரும் நல்ல வார்த்தை போட்டு மெழுக வேண்டாம். சொன்னதைச் சொன்னபடி எழுதினால் போதும்.

எங்கள் வீடு பினாங்குத் தீவில், ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் இருக்கிறது. கதவைத் திறந்தால் கூடம், கூடத்திலேயே சாப்பாட்டு மேசை. மேசையின் ஒரு கோடியில் அவளுடைய கம்ப்யூட்டர். மறுகோடியில் நான் வெங்காயம் உரிப்பேன். யோசிக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வாள். நினைத்தது சரியாக வந்துவிட்டால் மேசையை இரண்டு தட்டுத் தட்டுவாள். என் வெங்காயத் தோலெல்லாம் பறக்கும். ஏசுவேன். சிரித்துக்கொண்டே பொறுக்குவாள்.

"உங்க மருமக எங்க வேலை செய்யறா?" என்று மாடிப்படியில் கேட்பார்கள்.

"வீட்டுலதான். கம்ப்யூட்டர் வேலை."

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனிலாம் இல்ல."

"ஓ, சும்மாத்தான் இருக்கா."

சும்மாவாம்! நான் போட்டு வைத்த தேநீரில் ஆடை படிந்து, அதை மறுபடி சூடாக்கி, அதுவும் ஆறிப்போகும்வரை நிமிராமல் உட்கார்ந்திருப்பவள் சும்மா இருக்கிறாளாம்.

அவள் செய்யும் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் விளங்காது.

நம் அடையாள அட்டையில் முதலில் நம் பெயர் இருக்கும். அடுத்து மகன் என்றோ மகள் என்றோ மலாயில் இரண்டெழுத்து, நடுவில் ஒரு சாய்ந்த கோடு. அப்புறம் அப்பா பெயர். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. சீனருக்கு அது முன்னாலேயே வந்துவிடும். மலாய்க்காரர் வழக்கம் வேறு. எங்கோ வெளிநாட்டில் செய்து அனுப்பிய கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கடைசியில் இருப்பதைத்தான் ஆளின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். சிலது அந்தக் கோட்டைக் கண்டதுமே மிரண்டு நின்றுவிடும்.

லோகேஸ்வரியின் அப்பா நல்லமுத்து கடல் பாலத்துக்கு அக்கரையில், நிபோங் திபாலில் இருந்தார். சர்க்கரைக்கு ஒரு கிளினிக்கில் மருந்து எடுப்பார். அங்கே புதுக் கம்ப்யூட்டர் போட்ட சமயம், காலையில் வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்தவரை யாருமே கூப்பிடவில்லை. "சடையன்! சடையன்!" என்று வேறு யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்களாம். சடையன் என்பது இவருடைய அப்பா பெயர். அவர் தோட்டத்தில் செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. நம்ம அப்பா பெயரிலேயே இன்னொருத்தர் வந்திருக்கிறார் போலிருக்கு, மனுஷன் எங்கே போய்த் தொலைந்தார் என்று நல்லமுத்துவும் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார். கவுண்டரை மூடுகிற நேரத்தில் சர்க்கரை இறங்கி, உட்கார்ந்த நாற்காலியிலேயே சரிந்துவிட்டார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் லோகேஸ்வரியால் அதை விட முடியவில்லை. அப்போது அவள் ஓர் ஆபீசில் மாதச் சம்பளத்துக்கு இருந்தாள். சனி ஞாயிறில் உட்கார்ந்து ஒரு சின்னப் புரோகிராம் எழுதினாள். எந்த ஊர்க்காரர் பெயரானாலும் எது அவர் பெயர், எது அப்பா பெயர், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற புரோகிராம். எழுதியதை உலகத்துக்கு முன்னால் திறந்து வைத்தாள். யாரும் எடுக்கலாம், உள்ளே பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம், காசு வேண்டாம். அதற்கு ஓப்பன் சோர்ஸ் என்று பெயர் சொல்கிறார்கள்.

எடுத்துக்கொண்டார்கள். சின்னக் கிளினிக்குகள் எடுத்தன. பள்ளிக்கூடங்கள் எடுத்தன. யார் யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எடுத்தார்கள். அப்புறம் எங்கள் தீவிலேயே பாயான் லெப்பாசில் கண்ணாடிக் கட்டடம் வைத்திருக்கிற ஒரு பெரிய கம்பெனி எடுத்தது. பெயர் சொல்ல மாட்டேன், வாய் நாறும். நாடு முழுக்க கிளினிக்குகளில் ஆள்களைப் பதிவு செய்கிற ஏற்பாட்டை அந்தக் கம்பெனி விற்கிறது. விற்கிறது, கேட்டுக்கொள்ளுங்கள். அதன் வயிற்றுக்குள் உட்கார்ந்திருப்பது இவள் சும்மா கொடுத்தது.

கொடுத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கொடுத்தவள் கையில் புண் வருகிற வரைக்கும் கேட்டார்களே, அதைத்தான் சொல்கிறேன். எழுதி முடித்ததோடு இந்த வேலை முடிவதில்லை. மற்ற கம்ப்யூட்டர் சமாசாரங்கள் மாறிக்கொண்டே இருக்கும்; அவை மாறும்போதெல்லாம் இதையும் உட்கார்ந்து சரிபண்ண வேண்டும். அங்கே வரவில்லை, இங்கே ஓடவில்லை, இன்றைக்கே வேண்டும் என்று தினமும் யாராவது எழுதுவார்கள். கடைக்காரனிடம்கூட யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். காசு கொடுத்து வாங்குகிற இடத்தில் ஒரு பயம் இருக்கும் அல்லவா? சும்மா கிடைக்கிற இடத்தில் அதுவும் கிடையாது.

இரண்டையும் சுமக்க முடியாமல் சம்பள வேலையை விட்டுவிட்டாள். இதை வைத்தே பிழைக்க முடியுமா என்று பார்க்கிறேன் என்றாள். என் மகன் சுகுமாரன் தொழிற்சாலையில் டெக்னிஷன். நல்லவன்தான், ஆனால் வீட்டுக் கடன் அவன் தலையில்.

"நான் வேணாம்னு சொல்லலம்மா," என்றான் என்னிடம், அவள் காது கேட்க. "இந்தத் தீபாவளி வரைக்கும் பார்க்கட்டும். அதுக்குள்ள இது சோறு போட்டா சரி. போடலன்னா மூடி வச்சுட்டு ஆபீசுக்குப் போகட்டும். பழைய முதலாளி கூப்பிட்டுக்கிட்டேதானே இருக்காரு."

"சரி," என்றாள் லோகேஸ்வரி. "தீபாவளி வரைக்கும்."

எல்லாக் கம்பெனிக்கும் எழுதிக் கேட்டாள். அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குப் பல தடவை எழுதினாள். உங்கள் தொண்டு போற்றத்தக்கது என்று பதில் வரும். போற்றினார்கள். போற்றிக்கொண்டே இருந்தார்கள். நான் உலை வைக்கும்போது அந்தப் போற்றுதலைக் கழுவிப் போடலாமா என்று கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

தீபாவளிக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கையில் நல்லமுத்து செத்துப்போனார். தூக்கத்திலேயே போய்விட்டார்.

லோகேஸ்வரி ஒரே பிள்ளை. கல்யாணம் ஆன பொண்ணுக்கு எதற்கு என்று சிலர் முனகினார்கள். "அவருக்கு நான்தான்" என்று சொல்லி அவளே கொள்ளி வைத்தாள். எங்கள் பக்கத்தில் கொள்ளி வைத்தவர் கருமாதி முடிகிறவரை தொழிலில் கை வைப்பதில்லை. கடைக்காரர் கடை திறக்க மாட்டார், முடிவெட்டுகிறவர் கத்தரி எடுக்க மாட்டார். அவளும் கம்ப்யூட்டரைப் பையில் போட்டு ஓரமாக வைத்துவிட்டாள். நிபோங் திபாலில் அப்பா வீட்டு முன்னால் தெருவில் கூடாரம் போட்டு, படத்துக்கு விளக்கு ஏற்றி, நாங்கள் எல்லாரும் அங்கேயே இருந்தோம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோளாறு வந்தது. இவளுடைய புரோகிராம் சாய்ந்து நிற்கிற இன்னொரு புரோகிராம் இருக்கிறதாம். அதுவும் யாரோ ஒரு புண்ணியவான் சும்மா எழுதிக் கொடுத்ததுதான். அதை அவர் எதற்கோ மாற்ற, இவளுடையது தள்ளாடிவிட்டது. புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் பெயரெல்லாம் பாதி பாதியாக விழுந்ததாம். அவள் கைப்பேசி கூடாரத்துப் பிளாஸ்டிக் மேசையில் கிடந்து தவளை மாதிரித் துள்ளியது.

எடுத்து ஒன்றை எனக்குப் படித்துக் காட்டினாள். "'உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், எப்போது சரியாகும்?' ஒரே வரியில அத்தை. நடுவுல ஒரு முற்றுப்புள்ளிகூட வைக்கல."

"அணைச்சு வை அந்தச் சனியன."

"அத்தை, இது பெரிய கோளாறு இல்ல. கொஞ்ச நேரம் உட்கார்ந்தா சரி பண்ணிருவேன்." குரல் இறங்கிப்போயிருந்தது. "பேரு கூப்பிடாம கவுண்டர்ல உட்கார்ந்திருக்கறது எல்லாம் அப்பா மாதிரி ஆளுங்கதான்."

அவள் எழுந்து போய் அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஜிப்பைப் பாதி இழுத்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி மூடினாள். எல்லாத்தையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்போதுதான் ஒரு கெரேத்தா, கார்தான், வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பையன் இறங்கினான்; முப்பது வயசுக்குள் இருக்கும். பெயர் அருண். அந்தக் கண்ணாடிக் கட்டடத்து ஆள்.

"பினாங்குதாம்மா நாங்க. அப்பா பேரு தேனப்பன்," என்றான் என்னிடம். செட்டியார் வீட்டுப் பிள்ளை. முறை தெரிந்தவன். செருப்பைக் கழற்றினான், படத்துக்கு முன்னால் கை கூப்பி நின்றான், பெண்கள் பக்கம் பார்த்துத் தலையை இறக்கினான். முறை தெரியாதவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. நானே தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். இந்தக் கையால்.

குடித்து முடித்தான். லோகேஸ்வரிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அக்கா, இந்த நேரத்துல கேட்கக்கூடாதுதான். மேல ரொம்ப பிரஷர். எங்க சிஸ்டம் எடுத்த கிளினிக் எல்லாத்துலயும் இதே பிரச்சினை. ஒரே ஒரு தடவை பார்த்துக் கொடுத்துட்டீங்கன்னா…"

"கருமாதி இன்னும் ஆகல தம்பி. தீட்டுல இருக்கேன்," என்றாள் அவள்.

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஜெயராஜ் காதைத் தீட்டினார். அவர் நல்லமுத்துவின் தம்பி, லோகேஸ்வரிக்குச் சித்தப்பா. எந்தச் சாவு வீட்டிலும் அவர் ஒரு நீதிபதி.

"அது என்னா வேலை, லோகா? எவ்ளோ கொடுப்பாங்க?"

"ஒன்னும் இல்ல சித்தப்பா. ஃப்ரீதான்."

"ஃப்ரீயா?" வெற்றிலையை ஒதுக்கினார். "அப்ப அது தொழில் இல்லியே. தொழிலுக்குத்தான தீட்டு?"

கூடாரம் முழுக்க இதைப் பிடித்துக்கொண்டது. கோயிலில் சும்மாத்தான் பூக்கட்டுகிறோம், தீட்டில் கட்டலாமா என்று ஒருத்தி கேட்டாள். அது சாமி காரியம் லா, இது மிஷின் காரியம் என்றார் ஜெயராஜ். அப்படியானால் துணி மடிக்கிறோமே, அது எந்தக் கணக்கு என்றாள் இன்னொருத்தி. சோறு ஆக்குகிறோமே என்றேன் நான். படத்தில் நல்லமுத்து மட்டும்தான் வாய் திறக்கவில்லை.

அருணுக்கு வழி கிடைத்துவிட்டது. முகமெல்லாம் இளகி, மெதுவாகச் சொன்னான்.

"ஐயா சொல்றது சரிதான்க்கா. இதை வேலைன்னே சொல்ல முடியாது, சேவைதானே? சேவைக்குத் தீட்டு கிடையாதுக்கா."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. சம்பளம் கேட்டபோது சேவை. செத்த வீட்டிலும் சேவை. ஆனால் அவசரம் என்றால் மட்டும் கெரேத்தா எடுத்துக்கொண்டு தெருவரைக்கும் வர வேண்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் லோகேஸ்வரி பேசினாள். சத்தம் போடவில்லை. மடியில் இருந்த பையின் ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினாள்.

"தம்பி, நீங்க இங்க வந்திருக்கீங்களே. இது உங்களுக்கு வேலையா, சேவையா?"

"எனக்கு… வேலைதான்க்கா."

"லீவு எடுத்துட்டு வந்தீங்களா?"

"இல்ல, ஆபீஸ்தான் அனுப்புச்சு."

"பெட்ரோல்?"

அவன் கெரேத்தா பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"திரும்பிப் போறப்ப பாலத்துக்கு டோல் கட்டுவீங்க. அதையும் ஆபீஸ் கொடுத்துரும், இல்ல?"

"கிளெய்ம் பண்ணிக்கலாம்க்கா," என்றான் தரையைப் பார்த்து.

"பாலத்துக்குக் கட்ட உங்க ஆபீசுல வழி இருக்கு. எனக்குக் கட்டத்தான் வழி இல்ல." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நீங்க வரதுக்கு முன்னால நானே உட்கார்ந்து செஞ்சிருப்பேன் தம்பி. ஜிப்பத் திறந்துட்டேன். இப்ப முடியாது. இது சேவை இல்ல, வேலை. என் தொழில். சித்தப்பா, நீங்களும் கேட்டுக்குங்க. கருமாதி முடியறவரைக்கும் தொட மாட்டேன்."

ஜெயராஜ் வெற்றிலையை மறுபடி மெல்லத் தொடங்கினார்.

"அக்கா, பேஷண்ட்ஸ் காத்துக்கிட்டு இருக்காங்க," என்றான் அருண்.

அது அவளைக் குத்தியது. கண் கலங்கியதை நான் பார்த்தேன். நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தாள். அங்கே முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் எங்களோடு உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இஸ்ஸதி என்று பெயர். செபராங் ஜெயாவில் ஒரு கடைவீட்டு மாடியில், இரண்டு மூன்று பேரை வைத்துக்கொண்டு சின்னக் கிளினிக்குகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை செய்துகொடுக்கிறவள். லோகேஸ்வரியின் புரோகிராமைத்தான் அவளும் எடுத்திருந்தாள். ஆனால் எடுத்ததோடு விடாமல், கண்ணில் பட்ட பிழையைத் தானே திருத்தி அனுப்புவாளாம். இருவரும் முதன்முதலாக நேரில் பார்த்ததே அந்த வீட்டில்தான். காலையில் வந்தவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மக்சிக், சுடா மாக்கான்?" என்று, சாப்பிட்டீர்களா அம்மா என்றுதான் கேட்டாள்.

லோகேஸ்வரி அவளிடம் போய் மலாயில் மெதுவாகப் பேசினாள். இஸ்ஸதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எனக்குத் தீட்டு இல்லையே," என்றாள் மலாயில், என்னைப் பார்த்து.

கைப்பேசியில் ஏதோ பண்ணி, புரோகிராமில் கை வைக்கிற அனுமதியை லோகேஸ்வரி அவளுக்கும் கொடுத்தாள். அது வேலை இல்லை, சாவி கொடுப்பது என்றாள். இஸ்ஸதி தன் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு கூடாரத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்தாள். லோகேஸ்வரி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பெயர்கள் விழாதபடிக்கு ஒரு முட்டுக்கொடுத்து வைத்திருப்பதாக, சோறு பரிமாறும் நேரத்தில் இஸ்ஸதி வந்து சொன்னாள். மற்றதைக் கருமாதிக்குப் பிறகு நீ பார்த்துக்கொள் என்றாள்.

"உனக்கு ஆன நேரத்தை எழுதி வை. நான் கொடுக்கணும்," என்றாள் லோகேஸ்வரி.

"பைத்தியமா உனக்கு? உன்னுடையதை வைத்துத்தான் நான் கடையே நடத்துகிறேன்."

அருண் இஸ்ஸதியிடம் தேங்க் யூ சொன்னான். பெயர்கூடக் கேட்கவில்லை. சோற்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். சாவு வீட்டில் வந்தவனுக்கு இலை போடாமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அந்த மனசை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

கருமாதி முடிந்து வீட்டுக்கு வந்ததும் லோகேஸ்வரி மேசையில் உட்கார்ந்து, கோளாறை முழுதாகச் சரிசெய்தாள். அப்புறம் உலகத்துக்கு ஓர் அறிவிப்பு எழுதினாள். எனக்குப் படித்துக் காட்டினாள். புரோகிராம் எப்போதும்போல எல்லாருக்கும் சும்மாதான், அதில் மாற்றமில்லை. ஆனால் எங்களுக்கு முதலில் பார், கூப்பிட்டால் எடு, உடைந்தால் உடனே சரிசெய் என்று கேட்கிறவர்கள் வருஷத்துக்கு இவ்வளவு கட்ட வேண்டும். கட்டாதவர்கள் காத்திருக்க வேண்டும்.

முதலில் கட்டியது இஸ்ஸதியின் கடை. பின்னால் சில கிளினிக்குகள் கட்டின. வெளிநாட்டில் ஒரு பள்ளிக்கூடம் கட்டியது. கட்டினவர்கள் எல்லாரும் சின்னவர்கள். கண்ணாடிக் கட்டடத்திலிருந்து, சும்மா கிடைக்கிற பொருளுக்குப் பணம் கட்ட எங்கள் வாங்கும் பிரிவில் இடமில்லை என்று பதில் வந்தது. அதற்குப் பதிலாக இன்னொன்று சொன்னார்கள். புரோகிராமின் உரிமையையே எங்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எங்களிடமே வேலைக்கு வந்துவிடு. நல்ல சம்பளம்.

சுகுமாரனுக்கு ஆசை. மறைக்கவில்லை. "எடுத்துக்கயேன் லோகா. அதே வேலைதான, சம்பளத்தோட செய்யப்போற."

"எழுதிக் கொடுத்துட்டா நாளைக்கு நிபோங் திபால் கிளினிக்கு இதுக்குக் காசு கட்டணும். கட்ட முடியாது. மறுபடியும் சடையன் சடையன்னு கூப்பிடுவாங்க."

அவன் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். "தீபாவளின்னு சொன்னோம்," என்றான்.

"மறக்கல."

வேண்டாம் என்று அவள் எழுதியதும், கம்பெனி புரோகிராமை அப்படியே பிரதி எடுத்து, மேலே தன் பெயரைப் போட்டு, இனி எங்களுடையதை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று விட்டது. எடுக்கலாம் என்று அவளேதான் எழுதி வைத்திருக்கிறாள், சட்டப்படி தப்பில்லையாம். சட்டத்தை வைத்து நான் என்ன செய்ய? நான் ஏசிக்கொண்டே இருந்தேன். அவள் இஸ்ஸதியைப் பார்க்கச் செபராங் ஜெயாவுக்குப் போனாள். வாரத்தில் மூன்று நாள் அவள் கடையில் சம்பளத்துக்கு வேலை, மிச்ச நாள் தன் புரோகிராம் என்று பேசிவிட்டு வந்தாள். கட்டுகிறவர்கள் கொடுப்பது பாதி, கடையில் வருவது பாதி.

"இது பிழைப்பா, பாதிப் பிழைப்பா?" என்று கேட்டேன்.

"பாதிதான் அத்தை. ஆனா மூடல."

சுகுமாரன் தலையை ஆட்டினான். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தீபாவளி வரட்டும் என்றான்.

தீபாவளி வந்தது. சாவு விழுந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. முறுக்கு சுடவில்லை, வாசலில் விளக்கு வைக்கவில்லை. பக்கத்து வீடுகளில் எண்ணெய் வாசனை. எங்கள் கதவு மூடியே இருந்தது. பண்டிகைக்கு முதல் நாள், வெளியே நடைபாதையில் ஒரு குரல் கேட்டது.

"மிஸ்டர் நல்லமுத்து! மிஸ்டர் நல்லமுத்து!"

லோகேஸ்வரி கையில் இருந்த கோப்பையை அப்படியே மேசையில் வைத்தாள். கதவைத் திறந்தாள். சாமான் கொண்டுவருகிற ஆள் ஒரு பெரிய கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பளபளவென்று பிளாஸ்டிக் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, உள்ளே பிஸ்கட் டின், ஆரஞ்சு சர்பத் போத்தல், முறுக்கு. கம்பெனிகள் பண்டிகைக்கு அனுப்புமே, அந்த ஹேம்பர். மேலே அட்டையில் அந்தக் கண்ணாடிக் கட்டடத்து முத்திரை. பெயர், திரு நல்லமுத்து.

சாவு வீட்டில் சோறு தின்றுவிட்டுப் போனவர்கள், அந்த வருஷமே தீபாவளிக் கூடை அனுப்புகிறார்கள். அதுவும் செத்தவர் பெயருக்கு. நான் கத்தின கத்தலில் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அதைக் கீழே தூக்கிப் போடு என்றேன். சுகுமாரன்கூட, "இவனுங்களுக்கு அறிவே இல்லையா?" என்று எழுந்துவிட்டான்.

லோகேஸ்வரி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது ஆளு எழுதினது இல்ல அத்தை. அவங்க கம்ப்யூட்டர் அடிச்சது. என் பேரக் கொடுத்திருக்காங்க, அது கடைசியில இருக்கற அப்பா பேர எடுத்துக்கிச்சு." செருப்பை மாட்டிக்கொண்டு சுகுமாரனைப் பார்த்தாள். "கெரேத்தா சாவிய எடுங்க. திருப்பிக் கொடுத்துட்டு வந்துருவோம்."

மூவரும் போனோம். நான் வர வேண்டாம் என்று இருவரும் சொன்னார்கள். சொல்வதற்குள் நான் லிஃப்டில் நின்றேன்.

கண்ணாடிக் கட்டடத்து ஏசிக் குளிரில் பல் கிட்டிப்போயிற்று. வாசலில் ஆளுயரக் கோலம், பிளாஸ்டிக் வாழைமரம். அருண் கீழே இறங்கி வந்தான். கூடையைப் பார்த்ததும் சிரித்தான். எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"என் புரோகிராம்ல நீங்க எடுத்த காப்பி எங்க அப்பாவுக்குத் தீபாவளி வாழ்த்து அனுப்பியிருக்கு," என்றாள் லோகேஸ்வரி. "அவரு வாங்கிக்க வர முடியாது. நான் கொண்டுவந்தேன்."

அவன் அட்டையைப் படித்தான். காதுவரைக்கும் சிவந்துபோயிற்று. அந்த ஒன்றை மட்டும் அவனுக்காகச் சொல்வேன்.

"அக்கா, ஸாரிக்கா. சத்தியமா நான் பார்க்கல. எங்க ஆளுங்க அதை மாத்தினப்ப ஏதோ உடைஞ்சிருக்கு. கிளினிக்ல இருந்தும் ரெண்டு மூணு கம்ப்ளெயின்ட் வந்துச்சு. யாருக்கும் உள்ள என்ன இருக்குன்னு புரியல." குரலை இறக்கினான். "நீங்க ஒரு நாள் வந்து பார்த்தா முடிஞ்சிரும்க்கா. சின்ன வேலைதான்."

"என்னா சொன்னீங்க?"

"சின்ன வேலைதான்னு…"

நிறுத்திக்கொண்டான். கூடாரத்தில் தான் சொன்னது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். என் வாயில் எத்தனையோ வந்தது. சுகுமாரன் என் கையைப் பிடித்து அழுத்தினான்.

"ஆமா, வேலை," என்றாள் லோகேஸ்வரி. "விலை என் வெப்சைட்லயே போட்டிருக்கு. எல்லாருக்கும் ஒரே விலை. உங்க வாங்கற பிரிவுல இடம் இல்லன்னா, டோல் கொடுக்கற கணக்குல போட்டுக்குங்க."

கூடையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். கெரேத்தாவில் ஏறும்போது நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிளாஸ்டிக் வாழைமரத்தடியில் பிடித்துக்கொண்டு நின்றான்.

பாதி வழியில் சுகுமாரன், ரோட்டைப் பார்த்தபடியே, "மூட வேணாம்," என்றான். லோகேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். அப்பா செத்ததற்கு அன்றைக்குத்தான் நன்றாக அழுதாள் என்று நினைக்கிறேன்.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனி பணம் கட்டியது. வருஷத்துக்கு இல்லை, அந்த ஒரு கோளாறுக்கு மட்டும். அவள் போய்ச் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மேசையை இரண்டு தட்டுத் தட்டினாள். வாரத்தில் மூன்று நாள் இன்னும் மோட்டார் சைக்கிளோடு பெர்ரிக் கப்பல் ஏறிச் செபராங் ஜெயாவுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள். நாடு முழுக்கத் தன் புரோகிராமை வைத்திருக்கிறவள், அதை வைத்து முழுசாகப் பிழைக்க முடியாமல் கடல் தாண்டிப் போகிறாள். விற்கிறவன் கண்ணாடிக்குள் குளிரில் உட்கார்ந்திருக்கிறான். இதற்கு நான் கோபப்படாமல் வேறு என்ன செய்ய?

அது மறுபடி உடையும் என்கிறாள். உடைந்தால் மறுபடி யாரையாவது வெள்ளைச் சட்டை போட்டு அனுப்புவார்கள். வரட்டும். விலை அவளிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் தேநீர் கிடையாது. அதை நான் போட மாட்டேன்.